ஈரல் பரிசோதனையும் நம்மவர் தயக்கமும்

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்று கேட்டு வளராத தமிழ்க் குழந்தை அபூர்வம். கடல் கடந்து சிங்கப்பூருக்கு வந்து மூன்று நான்கு தலைமுறையாகிவிட்ட குடும்பங்களிலும், வேறு எத்தனையோ வழக்கங்கள் தேய்ந்து மறைந்த பின்னும், இந்த ஒரு ஞானம் மட்டும் பாட்டியிடமிருந்து பேத்திக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. அதைப் பரிகசிப்பது என் நோக்கமன்று. 1988ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்து எஸ்.பி. தியாகராஜனும் அவருடைய சகாக்களும், ஹெப்படைட்டிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்ததற்காக நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பர்க்கோடு சேர்ந்து, லான்செட் என்னும் வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று, முப்பது நாள் கீழாநெல்லி உட்கொண்ட 37 பேரில் 22 பேருடைய இரத்தத்திலிருந்து அக்கிருமியின் அடையாளம் மறைந்துவிட்டதாகக் கூறி, உலகத்து வைத்தியர்களையெல்லாம் நம் வேலியோரத்துச் செடியைத் திரும்பிப் பார்க்க வைத்தது. பின்னர் வேறு இடங்களில் அதே சோதனையைச் செய்து பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை என்பதையும் சொல்லிவிடுவதே நியாயம்.

கீழாநெல்லி நல்லதா, வீணா என்னும் விவாதத்தைவிட முக்கியமான விஷயம் ஒன்று அதற்கு முன்னால் நிற்கிறது. கண்ணும் தோலும் மஞ்சளாவது ஒரு வியாதியின் பெயரன்று. கிருமியாலும், மதுவாலும், கொழுப்பாலும், பித்தக் குழாய் அடைப்பாலும், உட்கொண்ட மருந்தாலும், உடம்பே தன் ஈரலைப் பகையாகக் கருதித் தாக்குவதாலும் வரக்கூடிய பொதுவான அடையாளம் அது. காரணம் பல, அடையாளம் ஒன்று என்னும்போது, எந்தக் காரணம் என்று தேறாமல் மருந்து கொடுப்பது, நாட்டு மருந்தாயினும் ஆங்கில மருந்தாயினும், இருட்டில் கல்லெறிவதாகும். அதிலும் ஈரல் பெரும்பாலும் மஞ்சளைக்கூடக் காட்டாமல் பல வருஷம் மௌனமாகவே கெட்டுக்கொண்டிருக்கும். பலதுறை மருந்தகத்தில் நீரிழிவுக்காகவோ இரத்தக் கொதிப்புக்காகவோ எடுத்த இரத்தப் பரிசோதனையில் ஈரலின் எண்கள் ஏறியிருக்கின்றன என்று தெரியவருவதும், அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்படுவதும், அங்கே நிபுணர் சில பரிசோதனைகளுக்குப் பிறகு, ஈரலிலிருந்து ஊசியால் சிறு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்வதும்தான் இக்காலத்துக் கதை. அந்தக் கடைசி வார்த்தை வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் குடும்பமே கூடிவிடும். ஈரலைக் குத்தினால் ஆறாது என்பார் ஒருவர், ஊசி பட்டால் புற்றுநோய் பரவும் என்பார் இன்னொருவர், இப்போதுதான் மெஷின் வந்துவிட்டதே, குத்துவது எதற்கு என்பார் விஷயம் தெரிந்த மருமகன்.

இவர்கள் பேச்சிலும் கொஞ்சம் உண்மை கலந்திருக்கிறது என்பதால்தான் இதை எழுத நேர்ந்தது. பயாப்சி என்னும் இந்தத் திசுப் பரிசோதனை முன்போல் அடிக்கடி அவசியமில்லை. ஆனால் அவசியமாகும் இடத்தில் அதற்குப் பதில் வேறொன்று இன்றுவரை இல்லை. இவற்றில் முதலாவதை மாத்திரம் காதில் வாங்கிக்கொண்டு இரண்டாவதைத் தட்டிக்கழிப்பது நம்மவருக்குத் தீங்காகவே முடியும் என்பது என் அபிப்பிராயம்.

நடப்பது இவ்வளவுதான். நோயாளி வலது கையைத் தலைக்குப் பின்னால் மடித்து வைத்து மல்லாந்து படுக்கிறார். ஸ்கேன் கருவியால் இடத்தைக் குறித்து, விலா எலும்புகளுக்கிடையே மரத்துப்போகும் மருந்து செலுத்தி, மூச்சை வெளியே விட்டு அப்படியே நிறுத்தச் சொல்லி, ஊசியை உள்ளே செலுத்தி இழுத்துவிடுகிறார்கள். ஒரு செகண்டு ஊசி என்றே பெயர் பெற்ற முறையை 1958இல் இத்தாலியரான மெங்கினி வெளியிட்டது முதல் இந்தக் காரியம் மூச்சைப் பிடித்து விடும் நேரத்துக்குள் அடங்கிவிட்டது. அதற்குப் பின் வலப்பக்கமாகப் படுக்கவைத்துச் சில மணி நேரம் நாடியையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வலது தோளில் வலி தோன்றுவதுண்டு. ஆபத்தே இல்லை என்று சொல்வது பொய்யாகும். கவனிக்கத்தக்க இரத்தக் கசிவு ஏறக்குறைய ஐந்நூறு பேரில் ஒருவருக்கு நேரலாம். உயிரிழப்பு பதினாயிரத்தில் ஒன்று அல்லது அதற்கும் குறைவு. இரத்தம் உறையும் தன்மை குறைந்தவர்களுக்கும் வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கும் கழுத்து இரத்தக் குழாய் வழியாக உள்ளே சென்று எடுக்கும் மாற்று வழி இருக்கிறது. ஈரல் ஆறாது என்பது மட்டும் வீண் பயம். வெட்டிக் கொடுத்தாலும் வளரக்கூடிய அவயவம் அது ஒன்றே என்பதை, உறவினருக்குத் தம் ஈரலில் பாதியைத் தானம் செய்துவிட்டு நம்மிடையே நடமாடும் மனிதர்களே நிரூபிக்கிறார்கள்.

இனி மருமகனுடைய வாதத்துக்கு வருவோம். 2003இல் பிரான்சு தேசத்தார் வெளியிட்ட ஃபைப்ரோஸ்கேன் என்னும் கருவி, விலாவின்மேல் மெல்லத் தட்டி, அந்த அதிர்வு ஈரலுக்குள் எவ்வளவு வேகமாகச் செல்கிறது என்று அளந்து, அதிலிருந்து ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறது. வலியில்லை, இரத்தமில்லை, காலையில் போய் மத்தியானம் வேலைக்குத் திரும்பலாம். வயதையும், இரண்டு ஈரல் எண்களையும், இரத்தத்திலுள்ள தட்டணுக்களின் தொகையையும் கொண்டு காகிதத்திலேயே போட்டுவிடக்கூடிய ஃபிப்-4 என்னும் கணக்கும் இருக்கிறது. தழும்பு எவ்வளவு என்னும் ஒரே கேள்விக்கு இவ்விரண்டும் போதுமான விடை தருகின்றன. ஹெப்படைட்டிஸ் பி உள்ளவருக்கு மருந்து தொடங்கலாமா என்று தீர்மானிக்க முன்பு ஊசியை நாடிய வைத்தியர்கள், இப்போது பெரும்பாலும் இவற்றைக்கொண்டே தீர்மானிக்கிறார்கள். அந்நோயே இந்நாட்டில் இளைய தலைமுறையிடம் அருகிவருகிறது. 1985இல் நோய் தாங்கிய தாய்மாரின் குழந்தைகளுக்கும் 1987 முதல் எல்லாக் குழந்தைகளுக்கும் தடுப்பூசி போடத் தொடங்கிய சிங்கப்பூர் அரசின் தீர்க்கதரிசனத்தை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

நம் முன்னோர் அறிவுக்கு வாயில்களாகச் சொன்ன பிரத்தியட்சம், அனுமானம் என்னும் இரண்டில், மேற்சொன்ன கருவியும் கணக்கும் அனுமானத்தைச் சேர்ந்தவை. ஈரல் இறுகியிருக்கிறது, ஆகவே தழும்பு இருக்கவேண்டும் என்பது அவற்றின் தர்க்கம். ஆனால் வயிறு நிறையச் சாப்பிட்டு வந்தாலும், ஈரல் திடீரென வீங்கியிருந்தாலும், இருதயம் தளர்ந்து இரத்தம் ஈரலில் தேங்கியிருந்தாலும் அக்கருவி அதே இறுக்கத்தைத்தான் காட்டும். எதனால் என்று கேட்டால் அதற்குப் பதில் சொல்லத் தெரியாது. திசுவைக் கண்ணால் காண்பதே பிரத்தியட்சம். அந்தப் பிரத்தியட்சமும் பூரணமானதன்று என்பதை ஊசியின் பட்சத்தில் பேசுகிறவர்கள் மறைக்கக் கூடாது. ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஈரலில் ஊசி கொண்டுவருவது ஏறக்குறைய ஐம்பதினாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சீராக வெந்த சோற்றுக்குப் பொருந்தும். ஈரல் ஒரே சீராகக் கெடுவதில்லை. கொழுப்பு ஈரல் உள்ள 51 பேரிடம் ஒரே சமயத்தில் இரண்டு துண்டுகள் எடுத்துப் பார்த்துப் பாரிஸ் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2005இல் வெளியிட்ட முடிவில், பத்தில் நான்கு பேருக்கு இரண்டு துண்டுகளும் தழும்பின் படியில் ஒன்றுக்கொன்று மாறுபட்டிருந்தன. ஆகவே தழும்பை அளப்பதற்கு மாத்திரம் குத்துவதை நான் ஆதரிக்கவில்லை. காரணத்தை அறிவதற்குக் குத்துவதோ வேறு விஷயம்.

இந்த வேற்றுமையை விளக்க நம் சமூகத்திலேயே நடந்த ஒரு சரித்திரம் உண்டு. அது இப்போது அநேகமாக மறந்துபோய்விட்டது. சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் தென்னிந்தியத் தாய்மாரின் நெஞ்சில் இடியாக விழுந்த பெயர் குழந்தை ஈரல் வியாதி. ஒன்று முதல் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயிறு உப்பி, ஈரல் கல்லைப் போல் இறுகி, முடிவில் காமாலை கண்டு, சில மாதங்களில் பிராணன் போய்விடும். ஒரு குடும்பத்தில் ஒரு குழந்தைக்கு வந்தால் அடுத்ததற்கும் வருமோ என்று அஞ்சும்படி உடன்பிறந்தவர்களையும் அது தொடர்ந்தது. சென்னை ராயப்பேட்டையில் ஜம்மி வெங்கடரமணய்யாவின் லிவர் க்யூர் மருந்து வீட்டுக்கு வீடு தெரிந்த பெயராக விளங்கியதற்கு இந்தப் பீதியே காரணம். எஸ்.டி. ஆச்சார் முதலிய சென்னைக் குழந்தை வைத்திய நிபுணர்கள் பல வருஷம் இதை ஆராய்ந்து எழுதினார்கள்; பரம்பரையா, சத்துக் குறைவா, கிருமியா என்று அனுமானங்கள் பெருகினவேயன்றி முடிவு கிட்டவில்லை.

முடிவுக்கு வழிகாட்டியது, அக்குழந்தைகளின் ஈரலிலிருந்து எடுத்த திசுத் துண்டு. 1970களின் இறுதியில் பிரிட்டிஷ், அமெரிக்க, இந்திய ஆராய்ச்சியாளர்கள் அத்துண்டுகளுக்கு ஓர்சீன் என்னும் சாயம் ஏற்றிப் பார்த்தபோது, அணுக்களுக்குள் செம்பு மணிமணியாகப் படிந்திருக்கக் கண்டார்கள். அளந்து பார்த்தால் இயல்பைவிடப் பன்மடங்கு. செம்பு குழந்தையின் உடம்புக்குள் எப்படிப் போயிற்று என்னும் கேள்வி பிறந்தவுடன், பார்வை வியாதியை விட்டு அடுக்களைக்குப் போயிற்று. புனேயில் பேராசிரியை பவே, பண்டிட் ஆகியோரும் இங்கிலாந்தின் ஸ்டூவர்ட் டானரும் அக்குடும்பங்களின் வழக்கத்தை விசாரித்தார்கள். தாய்ப்பாலைச் சீக்கிரமே நிறுத்திவிட்டு, பசும்பாலையும் எருமைப்பாலையும் ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் காய்ச்சி அதிலேயே வைத்திருந்து புகட்டியது தெரியவந்தது. பாலிலுள்ள புரதம் பாத்திரத்துச் செம்பைத் தன்னோடு பற்றிக்கொள்கிறது. ஆரம்ப நிலையில் கண்டுபிடிக்கப்பட்ட குழந்தைகளைச் செம்பை வெளியேற்றும் பெனிசிலமைன் மருந்தால் காப்பாற்றவும் முடிந்தது; பித்தளை போய் எவர்சில்வர் வந்த வீடுகளில் வியாதியே இல்லாமற் போயிற்று. பரம்பரைக்கும் அதில் ஏதோ பங்குண்டு என்று கருதுவோர் இன்றும் இருக்கிறார்கள். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆஸ்திரியாவின் டிரோல் மலைநாட்டிலும் ஈயம் பூசாத பாத்திரத்துப் பாலால் இதைப் போன்ற வியாதி 1900 முதல் 1974 வரை 138 குழந்தைகளைக் கொண்டுபோயிருந்தது 1996இல் வெளியாயிற்று. தெருவில் ஈயம் பூசுகிறவன் குரல் கேட்டதும் பாத்திரத்தோடு ஓடிய நம் பாட்டிமார், தாங்கள் அறியாமலே வைத்தியம் செய்துகொண்டிருந்தார்கள்.

ஒரு கருவி இறுக்கத்தை அளந்து எண் கொடுத்திருக்கும், செம்பைக் காட்டியிருக்காது. கொழுப்பு ஈரலின் கதையும் இப்படியே. 1980இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் லுட்விக் என்னும் நோய்க்கூற்று நிபுணர், மதுவை அதிகம் அறியாத இருபது பேருடைய ஈரல் துண்டுகளில் குடிகாரர் ஈரலின் அடையாளங்களையே கண்டு, அது மதுவின் வேலையன்று, வேறு வியாதி என்று தெளிவாக்கிப் பெயரிட்டார். வாழ்நாளில் ஒரு சொட்டு மது அருந்தாத மாமியாரை, மறைவாகக் குடிக்கிறாரோ என்னும் சந்தேகத்திலிருந்து விடுவித்தது திசுவைத் தாங்கிய அந்தக் கண்ணாடித் தகடுதான். நீரிழிவும் தொந்தியும் நம் இந்திய சமூகத்தில் அதிகம். ஆகையால் இவ்வியாதியும் நம் வீட்டுக்கு அந்நியமன்று. வேடிக்கை என்னவென்றால், இதற்கென 2024 மார்ச்சில் அமெரிக்க அரசு முதன்முதலாக அனுமதித்த ரெஸ்மெடிரோம் மருந்தின் பலனை நிரூபிக்கப் பல நூறு பேருடைய ஈரலில் ஊசி குத்தவேண்டியிருந்தது; அம்மருந்தை எழுதிக் கொடுக்கவோ ஊசி வேண்டுமென்று நிபந்தனை வைக்கப்படவில்லை. ஊசியின் இன்றைய ஸ்தானத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

புற்றுநோய் பரவும் என்ற பயத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பொதுவாக அது மூட நம்பிக்கையென்று தள்ளப்பட வேண்டியது. ஆனால் ஈரலில் தோன்றும் புற்று விஷயத்தில், ஊசி சென்ற தடத்தில் அணுக்கள் ஒட்டி வளர்வது சொற்பம் பேருக்கு நேரக் கூடியதே. அதனால்தான் ஈரல் சுருங்கிய நோயாளிக்குக் கட்டி தோன்றினால், சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. படத்தில் அதற்குரிய தனி அடையாளம் தெரியுமானால், குத்தாமலே நிச்சயம் செய்கிறார்கள். அடையாளம் தெளிவாக இல்லாதபோதுதான் ஊசி.

அது கட்டாயமாகத் தேவைப்படும் இடங்கள் மற்றவை. கண்டாங் கெர்பாவ் என்று நாம் அழைத்துவந்த கேகே மருத்துவமனை தேக்காவுக்கு எதிரிலேயே இருக்கிறது, நம்மில் நடுவயது கடந்த பலருடைய பிறப்பிடமும் அதுவே. அங்கே வரும் கைக்குழந்தைகளில், பிறந்து இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் தெளியாமல், மலம் வெளுத்துப் போகும் குழந்தைக்குப் பித்தக் குழாயே அடைந்திருக்கக்கூடும். கசாய் என்னும் ஜப்பானியர் வகுத்த அறுவை சிகிச்சையைச் சுமார் இரண்டு மாதத்துக்குள் செய்வது உத்தமம்; குழாய் அடைப்பா, ஈரல் அழற்சியா என்று பிரித்தறியத் திசு பெரிதும் உதவுகிறது. வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று அத்தையும் பாட்டியும் தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் அக்குழந்தையின் ஆயுளிலிருந்து கழிகிறது. உடம்பே ஈரலைத் தாக்கும் வியாதியிலும், வாழ்நாளெல்லாம் நீடிக்கக்கூடிய ஸ்டீராய்டு முதலிய மருந்துகளைத் தொடங்கும் முன், திசுவைப் பார்த்து நிச்சயிப்பதே முறை.

மருந்தால் ஈரல் கெடுவது நமக்கு மிகவும் சமீபமான விஷயம். 2002இல் ஸ்லிம் 10 என்னும் மெலிவு மாத்திரையால் நடிகை ஆண்ட்ரியா டி குரூஸின் ஈரல் செயலற்று, அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த மணமகன் தம் ஈரலில் பங்கு கொடுத்துக் காப்பாற்றியதை இத்தீவே பேசியது; மூலிகை என்று விற்ற அந்த மாத்திரையில், சொல்லாமல் கலந்திருந்தது ஃபென்ஃப்ளூரமைன் என்னும் ரசாயனம். கொரோனாக் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று வீட்டுக்கு வீடு குடித்த சீந்தில் கொடியின் கதையோ இன்னும் நுட்பமானது. 2021இல் மும்பை வைத்தியர்கள் ஆறு நோயாளிகளைப் பற்றியும், அடுத்த வருஷம் இந்தியாவின் பதின்மூன்று ஆஸ்பத்திரிகளைச் சேர்ந்தவர்கள் 43 பேரைப் பற்றியும் வெளியிட்ட அறிக்கைகள், சீந்திலை உட்கொண்ட பின் ஈரல் கெட்டவர்களின் திசுவில், உடம்பே ஈரலைத் தாக்கும் வியாதியின் சாயல் இருந்ததைக் காட்டின. இந்திய ஆயுஷ் அமைச்சகம், அது சீந்திலாக இராது, அதைப் போன்ற வேறொரு கொடியாக இருக்கலாம் என்று ஆட்சேபித்தது. வாதம் எப்படி முடிந்தாலும், நோயாளி எதைக் குடித்தார் என்று வைத்தியருக்குத் தெரியாமற் போயிருந்தால், அந்த வாதமே பிறந்திராது.

இங்கேதான் நம்மவர் மீது எனக்குக் குறை. கேம்பல் லேனில் வாங்கிய பொடியையும், ஊரிலிருந்து வந்த உறவினர் கொண்டுவந்த லேகியத்தையும், ஜொகூருக்குப் போனபோது வாங்கிய கஷாயத்தையும் டாக்டரிடம் சொன்னால் திட்டுவார் என்று மறைத்துவிடுகிறோம். மறைத்த காரணத்தால் பரிசோதனைமேல் பரிசோதனை நடந்து, கடைசியில் ஊசிக்கு வந்து நிற்கிறது. தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில் மருந்தால் ஈரல் கெட்டவர்களை வரிசையாகக் கவனித்து, இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியிலும், பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பாரம்பரிய மருந்துகளே காரணமாகத் தெரிந்தன. சீனர், மலாய்க்காரர், நாம் எல்லோரும் இவ்விஷயத்தில் ஒரே ஜாதி. உண்மையை முன்பே சொல்லி, அந்தப் பொடியை நிறுத்தி, எண்கள் இறங்கிவிட்டால், குத்தவேண்டிய தேவையே இல்லாமற் போகும் நோயாளிகள் உண்டு.

ஆஸ்பத்திரிகள் மீதும் குறை இல்லாமலில்லை. தமிழ் இந்நாட்டின் அதிகாரபூர்வ மொழிகளில் ஒன்று. ஆயினும் ஈரலில் ஊசி குத்த ஒப்புக்கொள்ளும் தாளில் கையெழுத்திடும் முதியவருக்கும், தஞ்சாவூரிலிருந்தோ சிவகங்கையிலிருந்தோ வந்த கட்டுமானத் தொழிலாளிக்கும், விஷயத்தை விளக்குவது பல சமயம் அருகிலிருக்கும் பேரனோ, அறைத் தோழனோதான். ஐந்நூற்றில் ஒன்று என்பதும் பதினாயிரத்தில் ஒன்று என்பதும் பேரன் வாயில் ஒன்றுமில்லை, தாத்தா என்றாகிவிடும். அல்லது பயந்த தோழன் வாயில் உயிருக்கே ஆபத்தாம் என்றாகிவிடும். தொழிலாளிக்கு முதலாளி எடுக்கவேண்டிய மருத்துவக் காப்புறுதி 2023 ஜூலை முதல் ஆண்டுக்குக் குறைந்தது அறுபதாயிரம் வெள்ளி என்று உயர்த்தப்பட்டது நல்ல காரியம். ஆனால் அவனுடைய பயம் கட்டணத்தைப் பற்றியது மாத்திரமன்று, ஈரல் வியாதி என்று தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்பது. அந்தப் பயத்தைப் போக்கும் சொல்லைத் தமிழிலேயே சொல்லத் தெரிந்த, இதற்கெனப் பயிற்சி பெற்ற ஒருவர், பெரிய ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் இருக்கவேண்டும் என்று கேட்பது அதிகப் பிரசங்கித்தனமாகாது.

ஊசி கொண்டுவந்த துண்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவரை நோயாளி ஒருபோதும் பார்ப்பதில்லை. இந்நாட்டில் அந்தக் கலைக்கு அஸ்திவாரமிட்டவர் ஒரு தமிழர் என்பதைச் சிராங்கூன் சாலையில் எத்தனை பேர் அறிவார்கள்? நோய்க்கூற்றியல் பேராசிரியர் கனகரத்தினம் சண்முகரத்தினம், தற்போதைய அதிபரின் தந்தையார், 1956இலேயே இங்குள்ளோரின் ஈரல் புற்றுநோயைப் பற்றிப் பிரிட்டிஷ் ஆராய்ச்சிப் பத்திரிகையில் எழுதியவர், 1968 முதல் நாடு முழுவதும் புற்றுநோயாளர் விவரத்தைத் தொகுத்துவரும் பதிவகத்தைத் தோற்றுவித்தவர், 2018இல் காலமானார். எவ்வியாதி யாருக்கு, எத்தனை பேருக்கு என்று இன்று நாம் நிச்சயமாகப் பேசமுடிவது, அவரைப் போன்றவர்கள் கண்ணாடித் தகடுகளின்மேல் குனிந்து கழித்த வருஷங்களால்தான்.

ஆகவே வாசகர்களிடம் என் வேண்டுகோள் இது. ஈரலில் ஊசி வேண்டும் என்று நிபுணர் சொன்னால், உடனே மறுக்கவும் வேண்டாம், உடனே தலையாட்டவும் வேண்டாம். இதன் முடிவு இப்படி வந்தால் என்ன சிகிச்சை, அப்படி வந்தால் என்ன சிகிச்சை என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே சிகிச்சைதான் என்று அவர் சொன்னால், ஊசி இல்லாமல் முடியாதா என்று தாராளமாக விவாதிக்கலாம். சிகிச்சை மாறும் என்றால், நாள் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவராயின் அதை எப்போது நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த முறை போகும்போது, அலமாரியிலுள்ள பொடி, லேகியம், கஷாயம் அனைத்தையும், பெயர் தெரியாத பொட்டலம் உட்பட, ஒரு பையில் போட்டு டாக்டரின் மேஜைமேல் வைத்துவிடுங்கள்.